ஒரே சீட், இரண்டு கட்டணம்: பிளஸ் டூ முடித்த வேலூர்ப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்தில்தான் வேலூரில் அக்னி நட்சத்திரமும் உச்சத்துக்கு வரும். மண்டை பிளக்கும் அந்த வெயிலில் தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பேங்க் என்று குடும்பம் குடும்பமாக அலைவார்கள். அலைகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "எந்த காலேஜ், எந்த குரூப்" என்பதற்கு உடனே பதில் வரும். "எந்த வழியா சேர்க்கிறீங்க, அதுக்கு என்ன உதவித்தொகை" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சேர்ந்த பிறகு பார்க்க அதில் அதிகம் எதுவும் மிச்சமிருக்காது.

காரணம் சொல்கிறோம். ஒரே கல்லூரி, ஒரே பி.இ. வகுப்பு, ஒரே பெஞ்ச். ஒருவன் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் வழியாக வந்தவன், பக்கத்தில் இருப்பவன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தவன். முதலாமவன் முதல் பட்டதாரியாக இருந்தால் தனியார் கல்லூரியிலும் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். இரண்டாமவன் வீட்டிலும் பட்டதாரியே இல்லாமல் இருக்கலாம். அவனுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அது ஒற்றைச் சாளர முறையில் வருகிறவர்களுக்கு மட்டும். நான்கு வருடத்தில் ஒரு லட்சம் வித்தியாசம். கோட்டா சீட்டுக்கான கட்டணமே கூடுதல் என்பதையும் சேர்த்தால் இன்னும் போகும். "கவுன்சலிங் வரைக்கும் காத்திருந்தா சீட் போயிடும், இன்னிக்கே பத்தாயிரம் கட்டுங்க" என்று மே மாதத்திலேயே போன் வருகிறதே, அந்த போனின் உண்மையான விலை இதுதான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் இன்னும் பெரியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சீட் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியானாலும் அப்படித்தான். அதே பிள்ளை பொதுக் கவுன்சலிங்கிலும் கலந்துகொள்ளலாம். இவ்வளவு இருந்தும், காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை, தகுதியுள்ள பிள்ளையை ஏஜென்ட் பேச்சைக் கேட்டு நேரடியாகப் பணம் கட்டிச் சேர்த்துவிடுகிற பெற்றோர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. வேலூர் டவுனிலும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கமும் மிஷன் பள்ளிகள், இஸ்லாமியப் பள்ளிகள் என்று உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படித்தவர்களுக்கு 7.5 கிடையாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உண்டு, 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்திருந்தால். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வழியா, ஆங்கில வழியா என்ற கேள்வியே இல்லை. புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல். டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் சரி. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். தபால் வழிக் கல்விக்கு மட்டும் வராது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், பள்ளியில் கொடுத்த எமிஸ் நம்பர் (மாணவர் அடையாள எண்) கையில் இருந்தால் வேலை சுலபம். அந்த நம்பரை டி.சி. வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களுக்கு வருவோம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று. எல்லாமே இ-சேவையில், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதலில் கேன் நம்பர் (இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண்) போட வேண்டும், அதில் பெயரும் முகவரியும் எப்படி ஏறுகிறதோ அப்படியேதான் எல்லாச் சான்றிதழிலும் அச்சாகும். மனு வி.ஏ.ஓ.விடம் போகும், அங்கிருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), பிறகு தாலுகா ஆபீஸ். ஆன்லைன்தானே என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் வி.ஏ.ஓ. லாகினிலேயே கிடக்கும். மனு போட்ட மறுநாள் ரசீதோடு போய் ஒரு முகம் காட்டிவிட்டு வருவது நல்லது. வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். ஏப்ரலுக்குப் பிறகு எடுத்தால் அந்தக் கல்வியாண்டின் விண்ணப்பங்களுக்கெல்லாம் ஓடும். பிப்ரவரியிலேயே "முன்ஜாக்கிரதையா" எடுத்து வைத்தவர்கள், அடுத்த பிப்ரவரியில் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே அது காலாவதியாகிவிட்டதென்று மறுபடி ஓடுவார்கள்.

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி திருப்பத்தூருக்குப் போயின. வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு. ஆனால் பலர் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது. சான்றிதழ் தருவது உங்கள் ஊர் எந்தத் தாலுகாவோ அந்தத் தாசில்தார். உதவித்தொகைக் கோப்பு நகர்வது கல்லூரி இருக்கும் மாவட்டத்தில். ஆம்பூர்ப் பிள்ளை காட்பாடியில் படித்தால், சான்றுக்கு ஆம்பூரும் உதவித்தொகைச் சந்தேகத்துக்கு முதலில் கல்லூரி அலுவலகமும், அங்கே முடியாவிட்டால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸும். இது தெரியாமல் இரண்டு ஊருக்கும் மாறி மாறி பஸ் ஏறுகிறவர்கள் அதிகம்.

முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அக்கா இப்போது அதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது; ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அக்கா அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்கிறாள், தம்பி இரண்டு வருடம் கழித்து பொறியியல் போகப்போகிறான் என்றால், அக்கா இந்தச் சான்றைப் பயன்படுத்தவே தேவையில்லை. அவள் படிப்பை முடிப்பதற்குள் தம்பி சேர்ந்துவிட்டால் சலுகை அவனுக்கு நிற்கும். யார் எப்போது எந்தப் படிப்புக்குப் போகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

ஐ.ஐ.டி., நீட் அகில இந்திய ஒதுக்கீடு, க்யூட் நுழைவுத் தேர்வு வழி மத்தியப் பல்கலைக்கழகம் எதற்காவது போகிறீர்கள் என்றால் நம் பி.சி., எம்.பி.சி. சான்று மட்டும் போதாது, வசதி வரம்புக்குள் இருக்கிறோம் என்று காட்டும் ஓ.பி.சி. நான்-க்ரீமி லேயர் சான்று தனியாக வேண்டும். அதற்கான 8 லட்சம் ஆண்டு வருமான வரம்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: அந்தக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை.

இனி, பணம் வராமல் போவதற்கு நாங்கள் பார்த்தவரையில் முதல் காரணம். மார்க் இல்லை, தகுதி இல்லை என்பதெல்லாம் பிறகுதான். பேங்க் கணக்கு.

"ஆதார் லிங்க் பண்ணியாச்சு சார்" என்பார்கள். ஆதார் நம்பரைக் கணக்கோடு சேர்ப்பது ஒன்று. அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி சீடிங் செய்வது வேறொன்று. எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கானது) உள்பட இப்போது பல உதவித்தொகைகள் கணக்கு நம்பரைப் பார்ப்பதில்லை, ஆதார் நம்பரைப் பார்க்கின்றன. ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான் சீடிங்கில் இருக்கும், கடைசியாக எதற்குச் செய்தீர்களோ அதற்கே பணம் போகும். பள்ளியில் ஆறாம் வகுப்பில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு, நூறு நாள் வேலைக்காக அம்மாவோடு சேர்த்துத் திறந்த கணக்கு, பிறகு போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கித் திறந்த தபால் கணக்கு என்று ஒரு பிள்ளைக்கு மூன்று இருக்கும். பணம் வந்து எங்கோ ஒன்றில் கிடக்கும், இல்லாவிட்டால் அந்தக் கணக்கு இயக்கமில்லாமல் முடங்கித் திரும்பிப் போயிருக்கும். மைஆதார் தளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆதாரில் உள்ள மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், போட்டால் எந்த வங்கி, நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். இரண்டு நிமிட வேலை. அது காட்டும் வங்கிக் கிளைக்குப் போய் நூறு ரூபாய் போட்டு நூறு ரூபாய் எடுங்கள், கே.ஒய்.சி. கேட்டால் கொடுத்துவிடுங்கள். வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமானால் "டி.பி.டி.க்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவதற்கு) ஆதார் சீடிங் பண்ணணும்" என்று இதே வார்த்தைகளில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லை, பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக. மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள், போர்ட்டலுக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் மாதங்கள் ஓடும். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. எழுத்துக்கூட்டலை நன்றாகச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பொறியியல் கவுன்சலிங்குக்கு வருவோம். கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் நூறும் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 81 என்றால் 84 + 39 + 40.5 = 163.5. தமிழும் ஆங்கிலமும் இதில் வராது. ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மார்க், அப்புறம் இயற்பியல் என்று போய்க் கடைசியில்தான் கணினி குலுக்கித் தரும் ரேண்டம் நம்பர். "ரேண்டம் நம்பர் நல்லா வந்திருக்கு" என்று மகிழ்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. பதிவுக் கட்டணம் 500, எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. பிரிவினருக்கு 250.

சாய்ஸ் ஃபில்லிங்தான் பலர் தவறுகிற இடம். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். உங்கள் முறை வரும்போது எது காலியாக இருக்கிறதோ, பட்டியலில் முதலில் வரும் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடுவது முட்டாள்தனம். பிடித்ததை முதலில் போட்டால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு இறங்கும், அவ்வளவுதான். எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பத்து கல்லூரி மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறவர்கள் ஒரு ரகம். இடத்தை நிரப்ப முன்பின் தெரியாத ஊரில் ஏதோ ஒரு கல்லூரியைப் போட்டு அதே கிடைத்து அழுகிறவர்கள் இன்னொரு ரகம். போகவே மாட்டீர்கள் என்றால் பட்டியலில் எழுதாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய நாள் கணக்கில்தான் அவகாசம். "ஏற்றுச் சேர்கிறேன்", "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்று வாய்ப்புகள் வரும். மேலே உள்ளது உண்மையிலேயே வேண்டுமானால் இரண்டாவதைத் தொடுங்கள். ப்ரவுசிங் சென்டர்க்காரர் அவசரத்தில் முதலாவதைத் தட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. பாஸ்வேர்டை அவரிடம் விட்டுவிட்டு வருவதும் வேண்டாம்.

பட்டியல் போடுமுன் ஒரு வேலை. அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. பளபளப்பான ப்ரோஷரையும் பிளேஸ்மென்ட் போஸ்டரையும் ஓரமாக வைத்துவிட்டு அதைப் பாருங்கள். முதல் வருடக் கணக்கில் பாதிப் பேர் அரியர் வைக்கும் கல்லூரியில் ஏ.ஐ. படித்தாலும் சிவில் படித்தாலும் ஒன்றுதான். வேலூரிலேயே பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அரசுக் கட்டணம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்பதற்காக இங்கே கிடைக்கும் மெக்கானிக்கலையோ எலெக்ட்ரிக்கலையோ விட்டுவிட்டு, நாலு மடங்கு செலவில் தனியார் கல்லூரியில் ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ் சேர்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டும் பி.ஹெச்.இ.எல்.லும் அரைமணி தூரத்தில் இருக்கிற ஊர் இது. தோல் தொழில் வீட்டுவாசலிலேயே இருந்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) பி.டெக். லெதர் டெக்னாலஜி இருப்பதை நம் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டியலில் எழுதுகிறார்கள்?

வி.ஐ.டி. பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அங்கே சேர்வதற்குத் தனி நுழைவுத் தேர்வு, கவுன்சலிங் சலுகைகள் செல்லாது. தேர்வு ரேங்கைப் பொறுத்துக் கட்டணத்தில் ஐந்து பிரிவுகள். "வி.ஐ.டி.ல சீட் கிடைச்சிருச்சு" என்று இனிப்புக் கொடுப்பதற்குமுன் எந்தப் பிரிவில் என்று பாருங்கள், ஒன்றாம் பிரிவுக்கும் ஐந்தாம் பிரிவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஸ்டார்ஸ் என்று அவர்களே நடத்தும் திட்டம் ஒன்று உண்டு: கிராமப்புற அரசுப் பள்ளியில் படித்து மாவட்ட முதலிடம் வாங்கிய ஒரு மாணவன், ஒரு மாணவிக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். மாவட்டம் மூன்றானதில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் லாபம்தான்.

பொறியியலே எல்லாம் இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம், 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய். ஓட்டேரி முத்துரங்கம், குடியாத்தம் திருமகள் ஆலைக் கல்லூரி, வாலாஜா மகளிர் கல்லூரி எல்லாம் இதில் வரும். ரேங்க் போடுவது மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400-க்கு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க் மட்டும். தமிழில் 95 வாங்கிவிட்டு மொத்தம் குறைவாக இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஊரீசு போன்ற உதவி பெறும் கல்லூரிகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" ஒரே வளாகம், ஒரே திருவள்ளுவர் பல்கலைக்கழக டிகிரி, கட்டணம் மட்டும் வேறு. எய்டட் பிரிவில் பி.எஸ்சி. கணிதமா, செல்ஃப் ஃபைனான்ஸில் பி.சி.ஏ.வா என்று வரும்போது மூன்று வருடக் கட்டணத்தைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பஸ் செலவும் கணக்கில் வரும். அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவச பாஸ், தனியாரில் படித்தால் பாதிக் கட்டணம். பெண்பிள்ளைகளுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் எப்படியும் டிக்கெட் இல்லை. கல்லூரிப் பஸ்ஸுக்கு வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் ட்யூஷன் ஃபீஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தூரத்துப் பிள்ளைகளுக்கு அரசு நல விடுதிகளில் சாப்பாட்டோடு இடம் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிக்குப் பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள், வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தூர விதி இல்லை.

மருத்துவமனை ஊர் என்பதால் அலைடு ஹெல்த் (மருத்துவம் சார்ந்த) படிப்புகளைப் பற்றி ஒரு சொல். பி.எஸ்சி. எம்.எல்.டி. (ஆய்வகத் தொழில்நுட்பம்), ரேடியாலஜி போன்றவற்றுக்கு நீட் வேண்டாம். அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு வழியாக, பிளஸ் டூ மார்க்கில். சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. ரிசல்ட் வரட்டும் என்று இருந்தால் தேதி போய்விடும். எல்லை தாண்டிச் சித்தூர் பக்கமோ பெங்களூரிலோ நர்சிங் சீட் "ஸ்காலர்ஷிப்போட" தருகிறோம் என்று ஏஜென்ட் வந்தால், எந்தத் துறையின் எந்தத் திட்டம் என்று எழுதிக் கேளுங்கள். முதல் வருடம் தள்ளுபடி, இரண்டாம் வருடத்திலிருந்து முழுக் கட்டணம் என்பதுதான் வழக்கமான வித்தை. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியாயிற்று.

உதவித்தொகைகளில் எதை எடுப்பது? எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக்குக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். பி.சி., எம்.பி.சி.க்கு மூன்றாண்டு டிகிரியில் நிபந்தனை இல்லை, தொழிற்படிப்பு என்றால் அதே 2.5 லட்சம். மத்திய அரசின் பக்கம், போர்டு தேர்வில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஆண்டுக்கு 12,000. பொறியியலோ டிப்ளமோவோ முதலாண்டு சேரும் பெண்களுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி, ஆண்டுக்கு 50,000. வருமானம் 8 லட்சம் வரை, வீட்டுக்கு இரண்டு பெண்கள் வரை. அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. சேர்ந்து, போர்டில் முதல் ஒரு சதவீதத்தில் இருந்தால் இன்ஸ்பயர், ஆண்டுக்கு 80,000. மத்திய அரசு உதவித்தொகை இரண்டை ஒரே ஆண்டில் வாங்க முடியாது, ஆகவே பெரியதை முதலில் பாருங்கள். 12,000 திட்டத்தைப் புதுப்பிக்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும். முதல் வருடம் வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் புதுப்பிக்க மறந்து விடுகிறவர்களே அதிகம். ஒவ்வொரு வருடமும் நீங்களாகப் போய்ப் புதுப்பிக்க வேண்டும், தானாக வராது.

இதற்கெல்லாம் பிறகும் குறைந்தால்தான் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானமும் கைப்பணமும் கேட்க மாட்டார்கள். ஆனால் படிக்கும்போதே வட்டி ஓடுகிறது. வருடத்துக்கு ஒரு லட்சமாக நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும் நாளில் முதல் லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. கூட்டினால் 1,40,000, தனிவட்டியிலேயே கடன் 5,40,000 ஆகி நிற்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால் இந்தக் காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு. கடன் கையெழுத்தாகும் அன்றே அதற்கான வருமானச் சான்றையும் மனுவையும் மேனேஜரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.